டாகிட் தீவின் பதினொரு ஹெக்டேர்

2015 மார்ச் 3, செவ்வாய்

பனாவிகன் தனி நகராட்சியாகி ஐம்பது வருடம் ஆகிறதாம். விழா மலருக்கு ‘நிலம், வரலாறு, மக்கள்’ என்று பத்துப் பக்கம் நான் எழுதித் தர வேண்டுமாம். பத்துப் பக்கமா? முன்னால் கடல், பின்னால் தென்னை, நடுவில் ஒரு தேவாலயமும் ஒரு கூடைப்பந்து மைதானமும். வரலாறு: ஸ்பானியன் வந்தான், கொசுக்கடி தாங்காமல் போனான். மக்கள்: காலையில் மீன், மாலையில் கள், ஞாயிறு பூசை முடிந்ததும் சேவல் சண்டை. முடிந்தது. மீதி இடத்தில் மேயர் கிரிஸ்புலோவின் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 5, வியாழன்

மேயர் கூப்பிட்டார். பல் குத்திக்கொண்டே பேசினார்.

“தெலெஸ்போரோ, மலர்ல டாகிட் தீவைப் பெருசா போடுய்யா. பாயாங் கரை ஜனங்க, நீ குடுத்த கணக்குல இருக்கிற நாப்பத்திமூணு குடும்பத்தையும் அங்க கொண்டுபோய் வைக்கப்போறேன். கரையில ஓட்டல் வருது. தீவு பதினோரு ஹெக்டேர் சும்மாதானே கெடக்கு? உங்க திட்ட ஆபீஸ் நிலக் கணக்குப் புத்தகத்துலயே இருக்கு.”

இந்த மனிதர் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வரி படித்திருக்கிறார். அதற்கே ஒரு கரையைக் காலி செய்யக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

பாயாங் கரை மீன்காரி நார்சிசா கூடையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். நாற்றம் இன்னும் போகவில்லை.

“சார், டாகிட்டுல தண்ணி வத்துனாத்தான் மணல் தெரியும். ஏறுனா இடுப்பளவு கடல். அங்க வீடு கட்டினா புள்ளைங்கள எங்க படுக்கவைக்கிறது, கூரை மேலயா?”

“தீவுன்னு புத்தகத்துல இருக்கே.”

“எழுதினவன் அங்க கால் வச்சானான்னு கேளு சார்.”

படிப்பு இல்லை, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 9, திங்கள்

எந்த மடையன் எழுதினான் என்று பார்க்கப் பழைய அலமாரியைத் திறந்தேன். 2009, 2001, 1997 வருடத்துப் புத்தகங்கள் — ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்து அப்படியே அடித்த காப்பி. அடியில் 1991. தட்டச்சுப் பிரதி. ‘டாகிட் தீவு. 11 ஹெக்டேர். குடியிருப்புக்கு ஏற்றது.’ கீழே கையெழுத்து.

என்னுடையது.

மார்ச் 10, செவ்வாய்

நினைவு வருகிறது. படகில் ஏறினால் எனக்கு வாந்தி. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகுத்துறையில் நின்றபடி பார்த்தேன். தூரத்தில் மணல் தெரிந்தது. பதினொன்று என்று போட்டேன். ஏன் பதினொன்று? பத்து என்று போட்டால் அளக்காதது தெரிந்துவிடும்!

யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான்.

மார்ச் 12, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. தீவில் அடிக்கல் நாட்டு விழா. நாளும் நேரமும் நான்தான் குறிக்கிறேன். 20ஆம் தேதி, வெள்ளி, அமாவாசை, மாலை ஐந்து மணி. கடல் முழுக்க ஏறியிருக்கும். படகை விட்டு இறங்க மணலே இருக்காது. அடிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மேயர் திருதிருவென்று விழிக்கட்டும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கெட்டது குடி. அழைப்பிதழைப் பாதிரியார் பார்த்துவிட்டார். “இறைச்சி ஆகாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை முழுப்பன்றி சுட்டு விருந்தா? நான் வரமாட்டேன்.” மேயருக்குப் பன்றியை விட மனமில்லை, நாளை விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணி. அப்போது நன்றாக வற்றியிருக்கும்.

மார்ச் 21, சனி

போனேன். போகும்போது படகுக்காரர்கள் சிரிக்க இரண்டு முறை வாந்தி. மணல் பளபளவென்று கிடந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். மேயர் காலால் உதைத்துக் காட்டினார்: “தரை எவ்ளோ கெட்டி பாருங்க!” கைதட்டல். ஏசி அறையின் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தே வளர்ந்த கூட்டம். பன்றியில் காது மிச்சமிருந்தபோது செருப்புகள் நனைந்தன. “அலை வெளையாடுது” என்றார் ஒரு கவுன்சிலர், எலும்பைக் கடித்தபடி. எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். ஒருவனாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

நானும் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இந்த நோட்டு முழுக்க எல்லோரையும் மடையர்களாகவே எழுதி வைத்திருக்கிறேன். அத்தனை மடையர்களும் நம்பியது என்னை.

மார்ச் 25, புதன்

மன்றக் கூட்டம். குடியேற்றத் தீர்மானம். நார்சிசா பேசப் பேச, மேயர் “புத்தகத்துல இருக்கும்மா” என்றார். மூன்றாம் முறை அதைச் சொன்னபோது எழுந்துவிட்டேன்.

“அந்தப் புத்தகம் பொய். தொண்ணூத்தொண்ணுல எழுதினது நான். அளக்கல. அங்க போகவே இல்ல.”

மேயர், “இருபத்திநாலு வருஷம் சம்பளம் வாங்கிக்கிட்டு கடலுக்குப் பட்டா எழுதினியாய்யா?” என்றார். மன்றமே வயிறு குலுங்கச் சிரித்தது. நார்சிசா சிரிக்கவில்லை. மாகாண நில அளவையரை அழைப்பதென்று முடிவானது.

ஏப்ரல் 8, புதன்

அளவையர் காலையிலிருந்து மாலைவரை படகில் உட்கார்ந்திருந்து, நிலம்: இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தீர்மானம் விழுந்தது. ஓட்டல்காரன் பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். என்னை மீன் சந்தையில் தராசு சோதிக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

சந்தையில் முதல் நாள். நார்சிசா மற்ற மீன்காரிகளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “வந்துட்டாருடி, கடல்ல மனை போட்டவரு! தராசப் பாத்துக்குங்க, மத்தி மீனச் சுறான்னு எழுதிருவாரு.” சந்தையே சிரித்தது.

நான் அவளுடைய தராசைச் சோதிக்கக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

“எங்க கரையில எத்தன வீடு சார்?”

“நாப்பத்திமூணு.”

“அம்பத்தொண்ணு. அதையும் வந்து எண்ணாமத்தானே எழுதின? நடந்தே வரலாம், வாந்தி வராது.”

மதியமே போனேன். ஐம்பத்தொன்றுதான்.