பவுன்தாய்க்கு ஒரு முகம்

ஜனவரி 3, சனி

காலையில் ஒரே பனி. ஸ்டுடியோ ஷட்டரைத் தொட முடியவில்லை, அப்படி ஒரு ஜில்லிப்பு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்றைக்கு மூன்று. மார்கழி வந்தால் வயசாளிகளுக்கு ஆகாது, எனக்குத்தான் பிழைப்பு. இப்படி எழுதுவது பாவம். எழுதியாகிவிட்டது.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த டீச்சர் ஒரு சேதி சொன்னார். கம்பத்தில் எழுத்தாளர் இருந்த வீட்டை நினைவில்லம் ஆக்கிவிட்டார்களாம். அங்கே பவுன்தாய் படம் மாட்டியிருக்கிறதாம். பவுன்தாய் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்து, கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். அவளை வைத்துத்தான் எழுத்தாளர் அந்தப் பேர்போன கதையை எழுதினார்.

எங்கள் வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று அவளை வீட்டுக் கன்னியாகக் கும்பிட்டுப் படையல் போடும்போது ஒரு விளக்கு, புதுப் பாவாடை தாவணி. அவ்வளவுதான். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்கிறவள் வீட்டில் இந்த லட்சணம்.

அம்மாவிடம் சொன்னேன். மிக்ஸியை நிறுத்திவிட்டாள்.

"நெசமாவா? நாளைக்கே போவம்த்தா."

மிக்ஸி மேலேயே கையை வைத்துக்கொண்டு, "அவ மொகம் எனக்கு மறந்துபோச்சு புள்ள. யாருகிட்டயும் சொன்னதில்ல. படையல் வைக்கையில கண்ண மூடுனா தாவணி மட்டுந்தான் தெரியுது."

சட்னி அரைத்து முடித்தது நான்.

ஜனவரி 4, ஞாயிறு

பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். சின்னமனூரிலிருந்து வழியெல்லாம் ஐயப்ப சாமிகள் வண்டி. அம்மா பச்சைப் பட்டு. கையில் வாழையிலையில் சுருட்டிய கனகாம்பரம், அக்கா படத்துக்கு. பொண்ணு பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

ஓட்டு வீடு. இரண்டே அறை. சிவப்பு சிமெண்டுத் தரை. கட்டில், மூக்குக் கண்ணாடி, பேனா, வெற்றிலைப் பெட்டி. சாய்வு நாற்காலிக்குக் குறுக்கே கயிறு. எல்லாவற்றிலும் 'தொடாதீர்கள்'. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், நாற்பது வயசு இருப்பார். தன்மையான மனுஷன்.

"செருப்பப் போட்டுக்கிட்டே வரலாம் ஆத்தா."

"இருக்கட்டும்ப்பா. இந்த முக்குலதான் எங்க ஜீப்பு நிக்கும். குளிருல நடுங்கிக்கிட்டு நிப்போம். அவுக இந்தச் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாக."

கதையில் பவுன்தாய் ஜீப்பில் பாடிக்கொண்டே போவாள் என்றார் அவர். அம்மா, "அவளா? வாயத் தொறக்க மாட்டா. வண்டி ஏறுனதும் தூங்கிருவா."

பின்னறையில் படம். பெரிய ஃப்ரேம், சந்தன மாலை, மேலே சிவப்பு பல்பு. கீழே, 'மலைப்பாதை விபத்தில் மறைந்த பவுன்தாய்'.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடியும் துடைத்தாள்.

"இது நானு."

பார்த்ததும் எனக்கும் தெரிந்துபோனது. அம்மாவேதான், சின்ன வயசு அம்மா. குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோளில் வேறு யாருடைய விரலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் செய்கிற வேலை, இதைவிடச் சுத்தமாகச் செய்வேன்.

ஏலக்காய் பொறுக்குகிற கூடத்தில் எடுத்த படமாம். தோட்ட முதலாளி வீட்டார் கொடுத்தது என்றார் அவர். அம்மா மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கி பவுனு எல்லாத்துக்கும் டீ வாங்கப் போயிருந்தா. திரும்பி வாரதுக்குள்ள போட்டோக்காரன் போயிட்டான்."

அந்த மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, உசுரோட இருக்கவுகளுக்கு மாலையப் போட்டுட்டமே" என்று எட்டிக் கழற்றப் போனார். நானும் கத்தினேன். "மொதல்ல அதக் கழட்டுங்க. வெளங்குமா இது!"

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதப்பா. அது அவளுக்குப் போட்டது."

கனகாம்பரம் இலையோடு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த வீட்டின் மேல், எழுத்தாளர் மேல், டீ மேல்கூடக் கோபம்.

ஜனவரி 6, செவ்வாய்

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அம்மா பேரில் அர்ச்சனை. எலுமிச்சம்பழ மாலை. மாலையைக் கையால் தொடாமல் தட்டோடு நீட்டினேன். அம்மா திருநீறைப் பூசிக்கொண்டு, "என்னடி, எனக்கு நாளு குறிச்சுட்டாகளோ?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

நினைவில்லத்திலிருந்து போன். படத்தை எடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அப்பாடா என்றேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எடுத்துட்டு அங்கன என்னத்த வைப்பீக?"

அவர் என்ன சொன்னாரோ. வேறு படம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

"அப்ப எடுக்காத. படத்துல இருக்கது தங்கச்சின்னு கீழ ஒரு வரி எழுதிக்க. அவ பேர மட்டும் அழிச்சுறாதய்யா. வாரவுக அதப் படிச்சுட்டுப் போகட்டும்."

சண்டை போட்டேன். "உன் படத்துக்கு நாளெல்லாம் மாலை தொங்கணுமா?" மோர்க்குழம்பில் உப்பு இல்லை.

ஜனவரி 12, திங்கள்

அம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். நினைவில்லத்தில் நான் போனில் எடுத்துவந்த படத்தைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னாள்.

"செத்தவுகளுக்குக் கோட்டு மாட்டி விடுறேல்ல. என்னைய அவளா மாத்து."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் மவுஸை நகர்த்தினேன். நெற்றி அகலம். மூக்குத்தி வேண்டாம். புருவம் இன்னும் அடர்த்தி. பல் கொஞ்சம் முன்னால். "இல்ல, அம்புட்டு இல்ல." தாடையைக் குறுக்கினேன். நீட்டினேன். அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். வந்த கஸ்டமர் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் திரையில் ஒரு பெண் இருந்தாள். நல்ல பெண்தான். யாரென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அம்மா அழுதாள். அப்பா போனபோதுகூட இப்படி அழுது பார்த்ததில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்துரு. என் மொகமாவே இருக்கட்டும். சின்னதுல என் கம்மலு, வளவி எல்லாம் அவதான் போட்டுக்கிட்டுத் திரிவா. இதையும் போட்டுக்கிறட்டும்."

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

வெயில் வந்துவிட்டது. சர்க்கரைப் பொங்கல், பருப்பு வடை, பனங்கிழங்கு. பாவாடை இந்த வருஷம் ஊதா.

விளக்குக்குப் பின்னால் படம். நானே பிரிண்ட் போட்டு, நானே ஃப்ரேம் செய்தது. தோளிலிருந்த விரலை எடுத்துவிட்டேன். சந்தனப் பொட்டை அம்மா வைத்தாள். மாலையை மட்டும் என்னிடம் நீட்டினாள். கனகாம்பரம். வாங்கினேன், கை மேலே போகவில்லை. இந்த மாலையை என்றைக்காவது இதே முகத்துக்கு நான் போட வேண்டிவரும். அதை இன்றைக்கே போடச் சொல்கிறாள்.

"போடு. நான்தான் இங்கன நிக்கிறேன்ல."

போட்டேன்.

அம்மா கும்பிட்டாள். "வா பவுனு" என்றாள். சாம்பிராணிப் புகை முகத்தில் ஏறி ஒரு தும்மல் போட்டாள்.

"நூறு வயசு" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.