மைக்கில் சொன்ன குழந்தை

பாலாநகர் கம்பெனி பஸ் வரப் பத்து நிமிஷம்தான் இருந்தது. யூனிஸ் நின்றபடியே கணவன் ரூஃபஸுக்குச் சீட்டு எழுதினாள்.

"சாம்பார் அடுப்பு மேல இருக்கு. சாவி பக்கத்து வீட்ல. லீவுக்குத் தஞ்சாவூர்ல ரெண்டு நாள் ரூம் போடுங்க, பெரிய கோயில், அரண்மனை எல்லாம் பார்ப்போம். தரங்கம்பாடி பீச் மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்."

நேற்று இதற்குத்தான் சண்டை. "ஒரு காரணமாவது சொல்லு!" என்று ரூஃபஸ் கத்தினான். ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை இப்போது எழுதினாள்.

"போன வருஷம் மெரினால நம்ம பொண்ணு எமி தொலைஞ்சப்போ, 'தெலுங்கு பேசுற நாலு வயசுப் பொண்ணு இங்க இருக்கு, பெத்தவங்க வாங்க'ன்னு மைக்ல சொன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. யாரோ தெலுங்குக்காரங்க பிள்ளைன்னு நினைச்சு அலைப் பக்கம் ஓடினேன். இந்தத் தெலுங்கு ஊர்ல வளர்ற பிள்ளை, நாம தமிழ்ல கேட்டாலும் தெலுங்குலதான் பதில் சொல்வான்னு எனக்குத் தோணவே இல்லை. மூணு தடவை சொன்னாங்க. நாலாவது தடவை நீங்கதான் ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்தீங்க. கடல்னு சொன்னாலே அந்த மைக் சத்தம் காதுல கேக்குது. பயமா இருக்குங்க."

வாசலில் ஹார்ன் அடித்தது. சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

"'எங்கம்மா பேரு யூனிஸ்'னு தமிழ்ல சொல்ல அவளுக்கு நீங்களே கத்துக்குடுங்க. நான் சொல்லிக்குடுத்தா 'எந்துக்கம்மா?'ன்னு, ஏன்னு கேப்பா. மைக்ல மூணு தடவை கேட்டும் அம்மா வரலைன்னு அவகிட்ட எப்படிங்க சொல்றது?"