தனிச் சட்டி

பிப்ரவரி 4

என் நோயை என் ஓரகத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

வீங்கியது என் கால். காலையில் ஊதிப்போவது என் முகம். ஆனால் இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தது அவளை, பேசியது அவளோடு, கிளம்பும்போது கை கொடுத்ததும் அவளுக்குத்தான். பக்கத்து நாற்காலியில் நான், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி.

"எப்போலேருந்து வீக்கம்னு கேக்குறாங்க" என்றாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ நுழையாத நாளிலிருந்து என்றேன். முதலில் சாயங்காலம் மட்டும் இருந்தது, இப்போது எழுந்திருக்கும்போதே இருக்கிறது என்றேன். ஒன்றுக்குப் போனால் நுரைக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் இந்த நாட்டு பாஷையில் ரெண்டு வார்த்தையாகச் சுருக்கிக் கொடுத்தாள். டாக்டரம்மா பதிலுக்கு நெடுநேரம் பேசினார். தன் இடுப்புக்கு மேலே பின்பக்கம் தொட்டுக் காட்டினார். இவள் ம் கொட்டினாள். எனக்கு வந்து சேர்ந்தது ஒரு வரி.

"உடம்புல தண்ணி கோத்திருக்காம். மாத்திரை குடுப்பாங்க."

"அவ்ளோ நேரம் பேசினாங்களே, அக்கா?"

"டாக்டருங்க வளவளன்னுதான்டி பேசுவாங்க. சாரம் இவ்ளோதான்."

சாரம் அவளுக்கு, சக்கை எனக்கு.

ரத்தம் மட்டும் நேராக என் கையிலிருந்து எடுத்தார்கள். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 7

என் ரத்தத்தைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. கொடுத்திருப்பது அவளுடைய நம்பர். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

இன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தனிச் சட்டி. குழம்பு கொதித்ததும் உப்புப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கரண்டி அதில் எடுத்து வைத்துவிடுகிறாள். அவர்கள் சாப்பிடுவது குழம்பு. என் தட்டில் இருப்பது மஞ்சள் கரைத்த வெந்நீர்.

"இதென்னக்கா, எனக்கு மட்டும்?"

"நீர் கோத்திருக்குல்ல. உப்பு ஆகாது."

"எவ்ளோ நாளைக்கு?"

"சாப்பிடுடி, ஆறிடும்."

இவர் தலையைத் தூக்காமல் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள முட்டைப் பொரியல். அதையும் மகாராணிதான் அவர் தட்டில் தள்ளினாள். இனிமேல் இதில் அவள் பெயர் மகாராணி.

பிப்ரவரி 8

அண்ணி சொன்னாங்க, அண்ணி சொன்னாங்க, அண்ணி சொன்னாங்க. இவருக்கு வேறு வாக்கியம் வராதா?

பிப்ரவரி 12

ஊரில் நான் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள். சும்மா விலை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர்களை உட்காரவைத்து மூன்று புடவை எடுக்கவைத்த வாய் இது. முதலாளியே சொல்வார்: "இவளைப் பேசவிட்டா கல்லுகூட ரெண்டு ஜாக்கெட் துணி வாங்கிட்டுப் போகும்."

இங்கே ஓட்டல்களின் படுக்கை விரிப்பு துவைக்கிற கூடத்தில் நிற்கிறேன். மெஷினிலிருந்து சூடாக வருகிற விரிப்பை ரெண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். சூப்பர்வைசர் என்னிடம் பேசுவதில்லை, விரலைச் சொடுக்குவான். சொடுக்கினால் இங்கே வா, ரெண்டு தரம் சொடுக்கினால் சீக்கிரம். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பாஷை தெரியாதவர்களுக்குப் பெயரும் கிடையாது போல. நாங்கள் மடித்த விரிப்பில் புரண்டு படுக்கிறவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. அது போகட்டும். சம்பளம் கொடுக்கிறவனுக்குக் கூடவா தெரியக்கூடாது?

எதிர்முனையில் விரிப்பைப் பிடிக்கிறவள் வேறு ஏதோ நாட்டுக்காரி. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, இந்த ஊர் பாஷை ரெண்டு பேருக்கும் அரைகுறைகூடக் கிடையாது. இன்று என் காலைப் பார்த்தாள். போய் எங்கிருந்தோ ஒரு முக்காலியை இழுத்துவந்து எனக்குப் பின்னால் போட்டாள். சூப்பர்வைசர் சொடுக்கினான். அவளும் அவன் மூஞ்சிக்கு நேராகத் திருப்பிச் சொடுக்கினாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

பிப்ரவரி 15

வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். சமையலறையில் இவரும் மகாராணியும். கதவு பாதி திறந்திருந்தது. இவர் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கியது. அவள் தன் துப்பட்டா நுனியால் இவர் முகத்தைத் துடைத்தாள்.

என்னைப் பார்த்ததும், "வெங்காயம்" என்றாள்.

பலகையில் வெங்காயம் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என் எதிரில் அழுததில்லை. அவர் அப்பா செத்த அன்றுகூட மாடிக்குப் போய்விட்டார். அந்த அழுகையை வைத்துக்கொள்ள இவருக்கு இடம் அங்கேதான் கிடைத்ததா? மாமா, அதுதான் இவருடைய அண்ணன், லாரி ஓட்டிக்கொண்டு எல்லை எல்லையாகப் போகிறவர். எப்போதாவது வந்து தூங்கிவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் இந்த வீட்டில் மூன்று பேர். அதில் ரெண்டு பேருக்கு ஒரு ரகசியம்.

என்ன நினைக்கிறேன் என்று எழுத மாட்டேன். ஆனால் நினைக்கிறேன்.

பிப்ரவரி 16

கேட்டேன். "உடம்பு சரியில்லன்னா புத்தியும் கெடுமா?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 20

மறுபடி ஆஸ்பத்திரி. இவர் வேலைக்குப் போய்விட்டார், மகாராணியோடு நான். அவள் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று வாசலில் நிற்கிறவனைக் கேட்டால் அவளைத்தான் உள்ளே அனுப்புவான், அவ்வளவு முன்னால் நடக்கிறாள்.

டாக்டரம்மா சிரித்தார், இவள் சிரித்தாள். என்ன நகைச்சுவை? என் கால் வீங்கிக் கிடக்கிறது, அதில் எந்த இடத்தில் சிரிப்பு? ஊரில் எதிராளியைச் சிரிக்கவைப்பது என் வேலை.

பிறகு டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பி, முதல்முறையாக, என்னைப் பார்த்து என்னிடம் ஏதோ கேட்டார். நிதானமாக. என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. நான் இருக்கிறேன் என்று ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது.

"என்னக்கா கேக்குறாங்க?"

"இரு." செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இவரோடுதான் பேசுகிறாள். அவள் பேசும்போது புருவத்தைத் தூக்குவது இவரிடம் மட்டும். என் புருஷன், என் ஆஸ்பத்திரி, என் கால், ஆனால் போன் அவள் காதில். என்னிடம் ஒரு நிமிஷம் கொடுத்தால் என்ன?

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி என்னைப் பார்த்தார்.

"தலையாட்டுடி."

"எதுக்கு?"

"அட, ஆட்டு. வீட்டுல போய் விவரமா சொல்றேன். அவங்களுக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

ஆட்டினேன்.

அதற்குப் பிறகு மகாராணி என்ன செய்தாள் தெரியுமா? பேன்ட்டைச் சுருட்டித் தன் முழங்காலைக் காட்டினாள். என் நேரத்தில். டாக்டரம்மா அதை அமுக்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் விவரம் கேட்டேன். "மாத்திரையை மாத்தலாமான்னு கேட்டாங்க, சரின்னோம்" என்றாள். அதற்கா இவருக்குப் போன்?

பிப்ரவரி 24

அம்மா கூப்பிட்டாள், என் செல்லில். நான் எடுத்ததும், "அக்கா இருக்காளா? அவகிட்ட குடு" என்றாள்.

"ஏன், என்கிட்ட பேச மாட்டியா?"

"உன்கிட்ட பேசாமயா? மொதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை."

அந்த ஒரு வார்த்தை முடிவதற்குள் நான் ஒரு கூடைத் துணி மடித்துவிட்டேன். புருஷன் போனது போதாது, பெற்றவளும் அவள் பக்கம். என்ன மந்திரம் வைத்திருக்கிறாள்? பாஷை. அவ்வளவுதான். இந்த ஊர் பாஷையை என் நாக்கில் போடுங்கள், யார் மகாராணி என்று பார்க்கலாம்.

செல் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு மூக்கடைத்திருந்தது. "சளி" என்றாள். அக்கா சொல்றதைக் கேட்டு நட என்றாள். "உன் கட்டிலை ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டிருக்கேன். காத்து வரும்."

"நான்தான் அங்க இல்லியே, எதுக்கும்மா இப்போ?"

"சும்மாதான்."

மார்ச் 1

உப்பைத் திருடித் தின்றேன். ஒரு சிட்டிகை. உள்ளங்கையில் வைத்து நக்கினேன். மகாராணி பார்த்துவிட்டாள். கையைத் தட்டிவிட்டாள், உப்பெல்லாம் தரையில். "செத்துப் போகணுமா உனக்கு?" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

நீர் கோத்ததற்கு யாராவது சாவார்களா?

மார்ச் 5

இன்று விரிப்பு மடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. எதிர்முனைக்காரி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். டாக்டர் என்பதற்குக் கழுத்தில் குழாய் மாட்டுவது போலக் காட்டி, புருவத்தைத் தூக்கினாள். போனேன் என்று தலையாட்டினேன். என்ன சொன்னார்கள்? உதட்டைப் பிதுக்கினேன். மகாராணி நடப்பதை நடித்துக் காட்டினேன், கைப்பை, லிப்ஸ்டிக், எல்லாம். டாக்டர் அவளிடம் பேசுகிறார், அவள் என்னிடம் இத்தனூண்டு பேசுகிறாள்.

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கற்பனையாக ஒரு போனை வைத்தாள். இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் தான். நடுவில் போனைத் தட்டி, தன் வாயைத் தொட்டாள். போனுக்குள்ளே அவள் பாஷை பேசுகிற ஆள். மறுபடி செய்து காட்டினாள், எனக்குப் புரிகிறவரைக்கும். பிறகு என் வாயைத் தொட்டாள்.

எனக்கும் உண்டா அப்படி ஒரு போன்? இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே. கேட்டால், அண்ணி இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்பார் இவர்.

மார்ச் 12

மகாராணி குளித்துக்கொண்டிருந்தபோது கிளம்பிவிட்டேன். தனியாக பஸ். ஜன்னலுக்கு வெளியே ஒரு கடைப் பலகையும் படிக்கத் தெரியாமல், தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் மஞ்சள் கட்டடம் ஒன்றையும் அடையாளம் வைத்து இறங்கினேன். ஆஸ்பத்திரி மேசையில் இருந்தவளிடம் காதருகே கையை வைத்துக் காட்டி, வாயைத் தொட்டு, "தமிழ்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. போதுமாக இருந்தது.

டாக்டரம்மாவின் மேசையில் போனை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஆண்குரல், சளி பிடித்த குரல்: "வணக்கம்மா. டாக்டர் சொல்றத அப்படியே சொல்வேன். நீங்க சொல்றதையும் அப்படியே சொல்வேன்."

"நான் திட்டினா?"

"அதையும்தான்."

எனக்கு என்ன நோய் என்று கேட்டேன். டாக்டரம்மா போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குழப்பமாகப் பார்த்தார். குரல் சொன்னது: "போன மாசமே உங்ககிட்ட சொன்னேனே. உங்க ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல வேலை செய்யல. ஏன்னு தெரிய ஊசி விட்டு ஒரு துணுக்கு சதை எடுத்துப் பாக்கணும்னு சொன்னேன். சீக்கிரம் பாத்தா மிச்சத்தைக் காப்பாத்த வழி இருக்குன்னும் சொன்னேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க. ஊருக்கே திரும்பிப் போறேன், அங்க பாத்துக்கறேன்னீங்க. நிச்சயமான்னு உங்களைப் பாத்தே கேட்டேன். தலையாட்டினீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

குரல் இருமியது. "அப்படியே சொல்லிடட்டுமாம்மா?"

"அப்படியே சொல்லுங்க. எனக்கு ஊருக்குப் போற எண்ணமே இல்லன்னு சொல்லுங்க. ஊசியைப் பத்தி இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போ யார் சொன்னது?" என்றது குரல்.

தெரியாது என்றேன். ஊசி இப்போது போட்டாலும் பிரயோஜனம் உண்டா என்று கேட்டேன். அன்றைக்கே போட்டிருந்தால் நல்லது, இன்றைக்கும் வீணில்லை என்றார். போடுங்கள் என்றேன். அதை மட்டும் போன் இல்லாமல் நானே சொன்னேன், இந்த ஊர் பாஷையில் ஆமாம் என்கிற ஒரே சொல்லை. நம்பரை மாற்றச் சொன்னேன். இனி என் ரத்தத்தைப் பற்றி எனக்குப் போன் செய்வார்கள், அந்தச் சளிக் குரலைக் கூட வைத்துக்கொண்டு.

பஸ்ஸில் வரும்போது பயம் வந்ததா? வந்தது. அதைவிட முன்னால் வந்து உட்கார்ந்தது பொறாமை, வெட்கமில்லாமல். அந்த அழுகை எனக்காக அழுதது. வெங்காயம், துப்பட்டா, அம்மாவின் சளி, எல்லாம் எனக்காக. என் துக்கத்தை மூன்று பேர் பங்கு போட்டு அழுதிருக்கிறார்கள். ஒரு பங்கு எனக்கு வைக்கவில்லை.

மார்ச் 13

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது, மகாராணி தனிச் சட்டியிலிருந்து எனக்கு ஊற்றினாள். சாப்பிட்டேன். உப்பில்லாததற்கு இப்போது கோபமில்லை.

"எனக்குக் கிட்னி கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாங்க" என்றேன். "அடுத்த வாரம் ஊசி."

கரண்டி சட்டிக்குள் விழுந்தது. மகாராணி முதலில் பேசினாள். "தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்டி. நம்ம பக்கம் யாருதான் நோவுக்காரங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவா? எங்கப்பாவுக்கும் நாங்க கடைசிவரைக்கும் சொல்லல. நிம்மதியா போனாரு."

"நான் போகலக்கா. உக்காந்து சோறு தின்னுட்டிருக்கேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். இவள்தான் எனக்குத் தனியாகச் சமைத்தவள், இவள்தான் என்னைத் தலையாட்டவைத்தவள். ரெண்டும் ஒரே கை. எதை வைத்து இவளை வெறுப்பது, எதை வைத்து விடுவது?

இவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊசி குத்தினா இருக்கறதும் போயிடும்னு சொல்றாங்க. ஊர்ல உங்கம்மா பாத்துப்பாங்க. அதான் முடிவு பண்ணோம்."

"முடிவு பண்ணீங்களா? யார் யாரு?"

மகாராணி இவரைப் பார்த்தாள். இவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். இவர் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு அக்கா போன் பண்ணப்போ நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். நீ அந்தப் போன்ல என்ன சொன்ன? வேண்டாம்னு சொன்னது அக்காவா, நீயா? என்னைப் பாத்துச் சொல்லு."