பொத்தானின் தாய்வழியும் என் தாய்வழியும்

என் அன்பு உம்மா,

மையவாடியில் உங்களை அடக்கிய இடத்தில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அங்கே நின்று நீட்டி முழக்கிக் கதைக்க முடியவில்லை, பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். நான்கு பேர் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். நான் சொல்லப் போவதை ஊர் ஏற்கெனவே பள்ளிவாசலில் கேட்டுவிட்டது. உங்களிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

முதலில் நல்ல செய்தி. பரீதாவுக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. ஓம், அதே பரீதாதான், சாய்ந்தமருதில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். "தங்கமான புள்ள, என்ன செய்ற, நம்மட குடியாப் போச்சே மனே" என்று பெருமூச்சு விட்டீர்களே, அந்தப் பிள்ளை.

வெளியூர்க்காரர் வாசித்துக் குழம்பக் கூடாது. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வம்சம். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ஒரே குடிக்காரர் உடன்பிறப்பு மாதிரி, அவர்களுக்குள் கல்யாணம் செய்வதில்லை. மார்க்கம் தடுக்கவில்லை, ஊர் வழக்கம் தடுக்கிறது. குடிகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அஸர் தொழுகைக்கு முன்னம் யார் எவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் குடியும் பரீதாவின் குடியும் ஒன்று. ஆனால் உம்மா, நீங்கள் என்னைப் பெறவில்லையே. என்னைப் பெற்றவர் சம்மாந்துறையில் மௌத்தானபோது எனக்கு மூன்று வயது. நெல் விற்க வந்து பழகிய வீடு என்ற ஒரே உறவில் வாப்பா என்னைக் கல்முனைக்குக் கொண்டுவந்து, பிள்ளையில்லாத உங்கள் கையில் தந்தார். அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஆனால் நாம் வாய் திறந்து கதைத்ததே இல்லை. நான் தொடங்கினாலே, "பழங்கதை என்னத்துக்கு? சோறு ஆறுது, தின்னு" என்பீர்கள். நானும் தின்றுவிட்டு எழும்பிவிடுவேன்.

ஊரும் மறந்துவிட்டது. நான் உங்கள் பிள்ளை, உங்கள் குடி, அவ்வளவுதான். பரீதாவை நம்முடைய குடி என்று தள்ளிவைத்த அன்று நீங்களுமா மறந்துபோனீர்கள்? இல்லை, ஞாபகம் இருந்தும் சொல்ல மனம் வரவில்லையா?

நீங்கள் போன பிறகு கொழும்பில் என் வேலையில் ஒன்று நடந்தது. "கொம்பியூட்டரோட கதைக்கிற வேல" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையடிப்பீர்களே, அதில் இப்போது ஒரு புது முறை வந்திருக்கிறது. திரையில் தெரிகிற ஒவ்வொன்றும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக்கு மேலே ஒரு தாய் வகுப்பு இருக்கும். தாய் வகுப்பின் குணமெல்லாம் கீழே வந்துவிடும், நாங்கள் திரும்ப எழுதத் தேவையில்லை.

என் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் வேலை செய்தது. நான் அப்படி எழுதவில்லை, ஆகவே குற்றம் மேலேயிருந்து வந்திருக்க வேண்டும். உன் தாய் யார் என்று பொத்தானிடம் கேட்டேன், அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. அது தான் உட்கார்ந்திருந்த சட்டகத்தைக் காட்டியது. இரண்டு நாள் அந்தச் சட்டகத்தைக் கிண்டிக் கிளறியும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மேசையில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து ரவி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உது பொத்தானை வச்சிருக்கிற சட்டகமெல்லோ! அதின்ர குணம் இதுக்கு வராது. முதல்ல பொத்தானிட்ட அதின்ர வகுப்பைக் கேளும். பிறகு அந்த வகுப்பிட்ட, உனக்கு மேல ஆர் எண்டு கேளும்."

கேட்டேன். வகுப்பு தன் தாய் வகுப்பைச் சொன்னது, அந்தத் தாய் தனக்கு மேலே உள்ளதைச் சொன்னது. இப்படியே ஏறிப் போனால் உச்சியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே கேட்டால் ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. குற்றம் இரண்டாம் படியில் இருந்தது, பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். பிறகு எழும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குடி எது என்று யார் கேட்டாலும் நானும் என்னை வைத்திருந்த வீட்டைத்தானே இவ்வளவு காலமும் காட்டியிருக்கிறேன்?

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றவரின் பெயர் இருந்தது, குடி இல்லை. அதை அவருடைய தாய்வழிப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினேன். அவர் குடியும் அதே குடி என்றால்? பரீதா எனக்கில்லை, அத்தோடு முடிந்தது.

விசாரித்து விசாரித்து, பெற்றவரின் ராத்தாவை, கூடப்பிறந்த அக்காவை, பிடித்துவிட்டேன். முற்றத்தில் நெல் காயப்போட்டுக் கோழி கலைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முதலில் நல்ல ஏச்சு விழுந்தது.

"கல்முனையில வளந்த புள்ளயாடா நீ? ஒரு பஸ் ஏறி வாறதுக்கு உனக்கு இவ்வளவு காலம் புடிச்சிச்சா?"

குடியைக் கேட்டேன். பெற்றவரின் உம்மா, அவருக்கு உம்மா, அவருக்கும் உம்மா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போய்க் குடியின் பெயரில் நிறுத்தினார். உங்கள் குடி இல்லை, வேறு குடி.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு நெஞ்சு சுட்டது. உங்கள் பிள்ளை இல்லை என்பதற்கா அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்?

ஆனால் ஊர் அதோடு விடவில்லை. குடிக்கொரு தலைவராக மரைக்கார் இருக்கிறாரே, உங்கள் குடி மரைக்கார் என்னைப் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் முன்னால உன்ட வாயால சொல்லு மனே. அந்த மனிசி உன்னப் பெறல்லயா? பாலும் தரல்லயா?"

பாலூட்டியவரும் தாய்தான் என்பது மார்க்கம், அதனால்தான் அந்தக் கேள்வி. "பெறல்ல. மூணு வயசில வந்த நான், பாலும் குடிக்கல்ல" என்றேன். "ஆனா எனக்கு உம்மா எண்டா அவதான்" என்றும் சேர்த்துச் சொன்னேன். மரைக்கார் தலையாட்டினார். முதலாவதை எழுதிக்கொண்டார்கள், இரண்டாவதை எழுதவில்லை.

அன்று பின்னேரம் பரீதா வீட்டில், அவருடைய வாப்பாவுக்கு முன்னால் உம்மென்று இருந்தேன். பரீதா தேத்தண்ணியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரிவந்த ஆள்ற முகமா இது?"

"உம்மாட குடியில இருந்து என்ட பேர நானே வெட்டிப் போட்டு வந்திரிக்கன்."

"அதுக்கா இந்த முகம்? நமக்குப் புள்ள பொறந்தா அது எந்தக் குடி?"

"உங்கட குடி."

"என்ட குடி எது?"

அதுவும் உங்கள் குடிதானே, உம்மா! பரீதாவின் வாப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, உம்மா, வெட்கமில்லாமல் அழுதேன்.

எனக்கு இல்லாமல் போனது என் பிள்ளைகளுக்குக் கிடைக்கப் போகிறது. யாரும் விட்டுக் கொடுக்கவும் தேவையில்லை, எழுதித் தரவும் தேவையில்லை. இன்ஷா அல்லாஹ் மகள் பிறந்தால் உங்கள் பெயரைத்தான் வைப்போம், பரீதாவுக்கும் சம்மதம். நீ என்ன குடி என்று ஊரில் யார் கேட்டாலும் அவள் உங்கள் குடியின் பெயரைச் சொல்வாள். பொய் சொல்கிறாய் என்று ஒரு மரைக்காராலும் சொல்ல ஏலாது. அவளை உங்களிடம் கூட்டி வருவேன், இது என் வாக்கு.

உங்கள் குடிப் பிள்ளைகளுக்கு வாப்பாவாகப் போகிற,
உங்கள் மகன்
நிஸார்