மற்ற ஆக்கள்

வில், சுவிட்சர்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிஷெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் குளிருக்கு இழுக்கிறது. நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று பூசையில் மன்றாடினேன். தொலைபேசியில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு வேறு எதையோ கதைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் சமையலைப் பற்றிக் கதைத்தேன். நீ மொழிபெயர்க்கப் போன, அகதிகளை வைத்திருக்கும் விடுதியைக் கூட்டம் சுற்றி நின்று கண்ணாடிகளை உடைத்ததையும், அகதிப் பிள்ளைகளோடு நீ குளியலறையில் பூட்டிக்கொண்டு இருந்ததையும் இத்தனை நாள் எனக்கு மறைத்துவிட்டாய். கல்லோடு நின்றவர்களில் உன் பக்கத்து வீட்டு டெபியையும் ஜன்னலால் கண்டாயாம். பிரெக்சிட் வாக்கெடுப்போடு உங்கள் தெருவே இரண்டாகப் போன நேரம், "நான் வெளியேறத்தான் போட்டனான், ஆனால் உன்னை நினைச்சில்லை" என்று வாசலில் வந்து சொன்னவள். சின்னவளை மடியில் வைத்து வளர்த்தவள். "பொலிஸ் சாட்சி கேக்குது, என்னம்மா செய்ய?" என்றாய்.

இங்கே மேல் வீட்டு கெல்லர் அம்மா, வெளிநாட்டார் கூடிவிட்டார்கள் என்று பல்கனியில் சுவரொட்டி கட்டியிருக்கிறா. அப்பா போன பிறகு என் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவதான். உடுப்புத் தோய்க்கும் அறையில், இது எனக்கும் சேர்த்தோ என்று கேட்டேன். "ஐயோ எமிலி, உங்களைச் சொல்லேல்லை, மற்ற ஆக்களை" என்றா. சிரித்துவிட்டு வந்தேன். அன்று அவ தந்த அப்பிளைச் சாப்பிட முடியவில்லை.

அந்த மற்ற ஆக்களாகத்தான் நானும் அப்பாவும் இங்கே வந்து இறங்கினோம். எங்களையும் ஒரு பழைய விடுதியில்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஜன்னலுக்குக் கல் வந்தது. அப்பாவின் நெற்றித் தழும்பு அதுதான். சைக்கிளால் விழுந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தார். எறிந்தவனை எதிர்க் கடைக்காரியும் தபால்காரனும் கண்டார்கள். நல்ல மனிதர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்லைவிட அதுதான் அப்பாவுக்கு நொந்தது.

கண்டதைச் சொல்லு, மகள். கூட்டாதே, குறைக்காதே. டெபி சின்னவளை வளர்த்ததையும் சேர்த்துச் சொல்லு, அதுவும் உண்மைதானே. பிறகு அந்தத் தெருவில் உன்னோடு ஒருவரும் கதைக்காமல் போகலாம். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். உன் கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று. ஆனால் நீ வந்துவிட்டால், குளியலறையில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளுக்காக யார் கதைப்பது?

மாதா உன்னைத் தன் சேலைக்குள் மூடிக் காக்கட்டும். கதவைப் பூட்டிப் படு. சாட்சி சொல்லிவிட்டு எந்த நேரமென்றாலும் போன் எடு. நான் விழித்திருப்பேன்.

உன் அம்மா,
எமிலி