ஒரே கையெழுத்தில் இருபத்தேழு கருத்துகள்

இன்று ஆபீஸ் அலமாரியை நகர்த்தினோம். பின்னால் விழுந்து கிடந்தது உன் எம்.பி.ஏ. கருத்துக்கணிப்புத் தாள்களின் கட்டு. இருபத்தேழு தாள்கள், ஒரே கையெழுத்து. நின்றபடியே சிரித்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்போது இந்தத் துறைமுகக் கிடங்கில் நான் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்தேன். நீ லோடு ஏற்றும் ஆட்களுக்கு சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி எம்.பி.ஏ. படித்தோம். தலைமைப்பண்பு பாடத்தில் ஒரு முறையை வேலையிடத்திலேயே செய்துபார்த்து எழுத வேண்டும். நீ எடுத்தது, எல்லாரையும் கலந்து முடிவெடுப்பது. அதுவரை நீ யாரையும் கலந்ததில்லை. நீ ஒரு சத்தம் போட்டால் பல மைல் தள்ளியிருக்கும் தருவைகுளத்தில் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, இங்கே என்ன மாற்றலாம் என்று மெல்லிய குரலில் கேட்டாய். அவர்கள் எழுந்து போய்க் கூடிக்கூடிக் குசுகுசுத்தார்கள். அரை மணியில் வேலை நின்றுவிட்டது. மாலைக்குள் கப்பலுக்குப் போகவேண்டிய நான்கு கன்டெய்னர்கள் பாதி நிரம்பிக் கிடந்தன. மேஸ்திரி அந்தோணி அண்ணாச்சி உன் முன்னால் வந்து நின்றார்.

"நேராச் சொல்லிருங்க மேடம். யார வேலைய விட்டு நிறுத்தப் போறீய?"

யாரையும் இல்லை என்று சத்தியம் செய்தாய். அவர் நம்பவில்லை. ஆறு வருடமாக ஏசியவர் திடீரென்று தணிந்து பேசினால் பயம் வராதா என்றார். மேலாளர் வந்துவிட்டால் முதலில் போவது உன் வேலைதான். கண் கலங்கி, பரீட்சைக்காகத்தான் என்று உடைத்துச் சொன்னாய்.

"படிப்புக்கா? அத முதல்லயே சொல்லப்படாதா," என்றார் அண்ணாச்சி.

மூன்று மணிக்கே நான்கும் கிளம்பின. ஆளுக்கொன்றாக நிரப்ப நீ கொடுத்த கருத்துத் தாள்களையும் அண்ணாச்சி வாங்கிப்போனார். உன்னைப் பாஸாக்கிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அத்தனையையும் அவரே நிரப்பினார். 'மேடம் தங்கமானவர். குறை கிடையாது.' இருபத்தேழு தடவை.

பேராசிரியர் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி செய்தாய், இம்முறை தாள் இல்லாமல். டீ நேரத்தில் அவர்கள் நடுவே போய் உட்கார்ந்தாய். அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பேசாமலிருந்த அந்தப் பத்து நிமிடம் நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துப்பட்டா முனையைத் திருகியே நூலாக்கிவிட்டாய். பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி, உச்சி வெயிலில் ஏற்றுவதை விடியற்காலைக்கு மாற்றலாமே என்றார். மாற்றினாய். பாஸானாய், என்னைவிட மூன்று மார்க் கூடுதலாக. அதை நான் மறக்க நீ விட்டதேயில்லை.

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் இடத்தில் இப்போது நான். இந்த வேலை எனக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னாய்: "ஏளா, கேக்கது லேசு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும் பாரு, அதுக்குத்தான் ரெண்டு வருஷப் படிப்பு."

தினமும் முயல்கிறேன். நேற்று நான்கு நிமிடம் தாங்கினேன்.