என் வலி, அவர்கள் மாதம்

6 பிப்ரவரி, வியாழன்

இன்று கிளினிக்கில் ஓர் ஆள் அழுதார். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். நான் அவர் வாயில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, "கொஞ்சம்தான் அங்கிள், எறும்பு கடிச்ச மாதிரி" என்றேன். ஒரு ஊசி போதவில்லை என்று டாக்டர் இன்னொன்று போட்டார். எல்லோரும் அவரைத் தட்டிக்கொடுத்தோம்.

ஒரு பல்லுக்கு இரண்டு ஊசி.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: எனக்கு வலி என்றால் பயம், பிரசவத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். அத்தை சிரித்துவிட்டார். "வலிக்குப் பயந்தா முடியுமா? நான் ஒருத்தன பெத்து நிக்கலியா?" அவர் பெற்ற அந்த ஒருத்தன், என் கணவன் பிரேம், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அம்மா சொல்றதுலயும் பாய்ண்ட் இருக்கு லா சிவானி" என்றான்.

முள் ரொம்பப் பொடியாக இருந்திருக்கும், இல்லையென்றால் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையல், காது நிறைய மற்றவர்களின் பிரசவக் கதை. யாருக்கு அதிக நேரம் வலித்தது என்று போட்டி வைத்ததுபோல் இருந்தது. ஜெயித்தவர் பாப்பம்மாள் பெரியம்மா. இறந்துபோன மாமாவின், பிரேமுடைய அப்பாவின், அக்கா. இந்தக் குடும்பத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். அத்தையும்தான்.

அத்தை எல்லோர் முன்னாலும் என் பயத்தைச் சொல்லிவிட்டார். பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "ஆபரேஷன்லாம் சோம்பேறிங்க பண்ணிக்கிறது" என்றார்.

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

டாக்டர் முனீராவைப் பார்த்தோம். "எப்படி டெலிவரி பண்ணிக்க ஆசைப்படறீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். பிரேம் பதில் சொன்னான். "நார்மல்தான் டாக்டர், ஷி இஸ் ஓகே."

ஷி இஸ் நாட் ஓகே. "நான் பேசறேன்" என்றேன். எதையெதையோ சுற்றி வளைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். பயம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு வெட்கமா?

அவர் சிரிக்கவில்லை. இரண்டிலும் வலி உண்டு என்றார். ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்தும் நார்மலாகப் பெறலாமாம். எல்லாம் கேட்ட பிறகும் ஆபரேஷன்தான் என்றால் செய்வாராம். ஆனால் முப்பத்தொன்பது வாரம் ஆன பிறகுதான். அதற்கு முன்னால் எடுத்தால் குழந்தை மூச்சுக்குத் திணறலாம். என் கணக்கில் அது ஏப்ரல் 16. யோசித்துச் சொல்லச் சொன்னார்.

ரயிலில் பிரேம், "நீ ஸ்ட்ராங் கேர்ள், உன்னால முடியும்" என்றான். என்னால் முடியாது என்பதைத்தானே அரை மணி நேரமாக ஒருவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்?

22 பிப்ரவரி

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். என் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டும்போது அம்மா தான் பட்ட பாட்டைச் சொல்வார். இரண்டு நாள் வலி, கட்டில் கம்பியைப் பிடித்த கை வீங்கியது, எல்லாம். நான் மெழுகுவர்த்தியை ஊதுவேன். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து சாக்லேட் கேக்கும் அம்மாவின் அலறலும் ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன.

பிரேம் பாக்கியசாலி. அவன் கேக்கே வெட்டுவதில்லை. சின்ன வயதிலிருந்தே பழக்கமில்லையாம்.

8 மார்ச், சனி

இன்று எழுத்து கோணலாக இருந்தால் காரணம் கோபம்.

காலையில் அத்தை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனார். மீனோடு வருவார் என்று பார்த்தால் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றியதும் சொன்னார்: "சிவானி, நீ சொன்ன மாதிரி ஆபரேஷனே பண்ணிக்கம்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைக்கூடப் பிடித்தேன். முட்டாள்.

"ஏப்ரல் பதினொண்ணு. பங்குனி உத்திரம், வெள்ளிக்கிழமை. காலையில நல்ல நேரம் இருக்கு."

ஏன் பதினொன்று? பதினான்காம் தேதி சித்திரை பிறந்துவிடுமாம். சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு ஆகாதாம், ஸ்கேனில் பையன் என்று வந்திருக்கிறதே. அதோடு விட்டாரா? கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுபோய் வைப்பதே இதற்காகத்தானாம், ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிறக்குமே! "உங்கம்மா இங்க உட்லண்ட்ஸ்லதானே இருக்காங்க? ஆடி மாசம் வந்து கூட்டிட்டுப் போயிருந்தா இந்தத் தொல்லை உண்டா?"

ஆக, என் பிள்ளை ஒரு தொல்லை. அதற்குக் காரணம் என் அம்மா எம்ஆர்டி ரயில் ஏறி வராதது.

ஒரு மாதமாக என் பயம் இந்த வீட்டில் கேலிப் பொருள். அத்தையின் பயத்துக்கு மட்டும் ஒரே நாளில் தேதியும் நேரமும் குறித்தாகிவிட்டது. என் வயிறுதான் இரண்டுக்கும்.

பிரேம்? தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான்.

9 மார்ச்

நார்மல்தான். முடிவு பண்ணிட்டேன். சித்திரையிலதான் பொறப்பான். வலிச்சா வலிக்கட்டும், செத்தாலும் பரவால்ல, அவங்க சொன்ன தேதியில மட்டும் படுக்க மாட்டேன்.

11 மார்ச்

மருத்துவமனை அனுப்பியிருந்த பிரசவ வீடியோவைப் பார்த்தேன். பாதியில் வாந்தி.

கோபம் வலிக்கு மருந்தாகாது போல.

23 மார்ச், ஞாயிறு

பிரேம் எனக்குத் தெரியாமல் டாக்டருக்கு போன் செய்து பதினொன்றாம் தேதி முடியுமா என்று கேட்டிருக்கிறான். முடியாது, மருத்துவக் காரணம் இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இதை அவன் சொல்லவில்லை. அத்தை, "வேற டாக்டர் பாக்கலாம்" என்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

என் வயிற்றைப் பற்றி எல்லோரும் எல்லோரிடமும் பேசியாயிற்று. கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு மூடும் சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

"பிள்ளை மூச்சு விடலைனாலும் பரவாயில்ல, தேதிதான் முக்கியமா?" என்றேன். அத்தை, "என் பிள்ளை எனக்கு முக்கியம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. பிரேம் பிறந்தது ஏப்ரல் 28. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்:

"உங்க பிள்ளையும் சித்திரைதானே? என்ன ஆயிடுச்சு இப்ப?"

அத்தை சுவரைப் பார்த்தார். சுவரில் மாமா, மாலையோடு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்தவர். பிரேமுக்கு அப்போது மூன்று வயது. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பிரேம் வெளியே போனான்.

24 மார்ச்

வேலை முடிந்து வரும்போது பிரேம் புக்கிட் பாத்தோக் ஸ்டேஷனில் காத்திருந்தான். பஸ் இன்டர்சேஞ்ச் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன, நாங்கள் ஏறவில்லை.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கும். பெர்த்டே. அம்மா கேக் வாங்கி வச்சிருந்தாங்க. பாப்பம்மா அத்தை வந்து, அப்பன முழுங்கினவன் பொறந்த நாளுக்குக் கேக் ஒரு கேடான்னு கேட்டாங்க. அம்மா கேக்கை அப்படியே தூக்கிக் குப்பையில போட்டாங்க."

"உங்கம்மா ஒண்ணுமே சொல்லலியா?"

"என்ன சொல்லுவாங்க? அவங்களையும்தானே சொன்னாங்க, இப்படிப் பெத்து வச்சிருக்கியேன்னு."

பிறகு சொன்னான்: "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும் சிவானி. நான் என்ன மடையனா? ஆனா நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, யாராவது பொறக்கப்போற இவனத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இருந்தாலும் கோபம் போகவில்லை. டாக்டருக்கு போன் செய்ததற்கு மன்னிக்கவும் இல்லை, அதையும் சொன்னேன். "சாரி" என்றான். அத்தைமேல் இருந்த கோபம் மட்டும் கொஞ்சம் நகர்ந்து, கன்னத்தைக் கிள்ளிய அந்த விரல்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

26 மார்ச், புதன்

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு அத்தை. மன்னிச்சிடுங்க. ஆனா தேதியை மாத்த மாட்டேன். ஏப்ரல் பதினாறு. எனக்கு வலிக்குப் பயம், அதனால ஆபரேஷன். அவன் ஒழுங்கா மூச்சு விடணும், அதனால பதினாறு. சித்திரைதான்."

அத்தை கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார். நானும் ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன். டாக்டருக்கும் சொல்லிவிட்டேன்.

3 ஏப்ரல்

அத்தை இன்னும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது, சூடாக.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. பதினொன்றாம் தேதி போய்விட்டது. அத்தை மாங்காய்ப் பச்சடி செய்தார். எனக்கு இரண்டு முறை வைத்தார்.

15 ஏப்ரல்

நாளைக்கு. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்கிறார்கள். குறையவில்லை.

21 ஏப்ரல், திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவன் பிறந்ததும் போட்ட சத்தத்தில் டாக்டர் முனீராவே சிரித்துவிட்டார். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கோபம் மட்டும் அப்படியே என்னுடையது.

இதை நான் எழுதி வைக்க வேண்டும்: ஆபரேஷன் சோம்பேறிகள் செய்துகொள்வது என்று சொன்னவர்களை வரிசையில் நிற்க வைத்து ஒரு முறை தும்மச் சொல்ல வேண்டும். இருமினால் வலி, சிரித்தால் வலி, கட்டிலிலிருந்து எழுவது ஒரு நாள் வேலை. டாக்டர் பின்னால் வலிக்கும் என்று சொன்னார்தான். இருந்தாலும் அவர்மேலும் கோபம் வருகிறது. வருத்தப்படுகிறேனா? இல்லை. மறுபடி கேட்டாலும் இதையேதான் கேட்பேன்.

காலையில் தும்மல் வந்தது. தையல்மேல் தலையணையை அழுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் தேடுவதற்குள் அத்தை ஓடி வந்து தலையணையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சாச் சொல்லு" என்றார்.

வலிக்குது அத்தை என்றேன். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

28 ஏப்ரல்

பிரேம் பிறந்தநாள். பிள்ளை விடாமல் அழுதான். கேக் இல்லை. பிரேம் வேலைக்குப் போய்விட்டு வந்தான்.

18 மே, ஞாயிறு

பெயர் வைத்தோம். ரஞ்சன்.

பாப்பம்மாள் பெரியம்மா வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார். பிறகு பிரேமின் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "சித்திரையில பொறந்திருக்கான். நீ பாத்துப் பதனமா இருடா தம்பி. ஒங்கப்பனுக்கு ஆனது தெரியும்ல."

பிரேம் தலையைக் குனிந்தான். முப்பது வயதைத் தாண்டியவன், ஐந்து வயதுப் பையன்போல. சட்டென்று எழப் பார்த்தேன், தையல் இழுத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்.

"அண்ணி, வெத்தலை எடுத்துக்குங்க."

"என்னடி அவசரம்? இன்னும் சாப்பிடவே இல்ல."

"எடுத்துக்குங்க. கிளம்புங்க." தட்டை இன்னும் முன்னால் நீட்டினார். "என் மருமவ வலிக்குப் பயந்தா. பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொன்னா, நாங்க சிரிச்சோம். நான் ஒங்க வாய்க்குப் பயந்தேன் அண்ணி. இத்தன வருசம் அதச் சொல்லவே இல்ல. என் புருசன் சாரம் சரியில்லாம விழுந்து செத்தாரு. என் பிள்ள தள்ளி விடல. இவனும் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான்."

பெரியம்மா வெற்றிலை எடுக்காமலே போனார். மற்றவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"பிரேமுக்கு என்ன கேக் பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. பிரேமைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவனுக்கும் தெரியவில்லை.